சட்டைதான் மாறுது தம்பி!

காலை ஆறே முக்கால். தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டதும் எங்கள் வீட்டில் மூன்று பேரும் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொள்வோம். மூவருமே பிரம்மச்சாரிகள். குப்பையை எடுத்துக்கொண்டு ஓடுவது இன்று யார் முறை என்பதில் காவிரிப் பிரச்னையைத் தூக்கிச் சாப்பிடும் தகராறு எங்களுக்குள் உண்டு. அன்று திங்கட்கிழமை. வாதாடித் தோற்றவன் நான்.

ஒரு கையில் லுங்கி, இன்னொரு கையில் மூன்று நாள் குப்பை நிரம்பிய பிளாஸ்டிக் பை. வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டது. எங்கள் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா மட்டும் இருந்தார். பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"ஏன் தம்பி, மூணு பேரும் படிச்ச புள்ளைங்கதானே? சாம்பார் சாதத்தையும் ஷேவிங் பிளேடையும் ஒரே பையில கட்டிப்போட்டா, உள்ள கைய விடறவ நான்தானே?"

வலது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. அது போன வாரத்து பிளேடாம். எங்கள் வீட்டுடையதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பேச்சை மாற்ற வேண்டுமே! அவர் புதிதாக ஆரஞ்சுச் சட்டை போட்டிருப்பதைக் கவனித்தேன்.

"சட்டை புதுசா இருக்கே அக்கா! சம்பளமும் ஏறிடுச்சா?"

கேட்டேனே ஒரு கேள்வி!

"சட்டைதான் மாறுது தம்பி. போன தபா பச்சை. அதுக்கு முந்தி நீலம். அதுக்கும் முந்தி காக்கி. பதினாலு வருசமா இதே தெரு, இதே தொடப்பம். கம்பெனி மாறும்போது சட்டை மாறும். சட்டை மாறும்போதெல்லாம் நான் புதுசா வேலைக்குச் சேர்ந்தவளா ஆயிடறேன்."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் குளித்து, இட்லியை விழுங்கி, மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகும்போதும் அந்தக் கடைசி வரி என்னோடு தொங்கிக்கொண்டே வந்தது.

காரணம் உண்டு. நான் தினமும் போகும் ஆபீஸ் ஒன்று. எனக்குச் சம்பளம் போடும் கம்பெனி வேறொன்று. நிரந்தர ஊழியர்களுக்குக் கழுத்தில் நீலப் பட்டை. எங்களுக்கு மஞ்சள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சம்பளம் போடும் கம்பெனி மாறும். பட்டை மாறும். சீனியாரிட்டி சைபராகும். அக்காவுக்குச் சட்டை, எனக்குப் பட்டை. அவ்வளவுதான் வித்தியாசம்!

கவர் ரெண்டு, கேள்வி ஒண்ணு

எங்கள் மாடி வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். வெளிமாவட்டத்து நகராட்சி ஒன்றில் பொறியாளராக இருந்து ரிடையர் ஆனவர். மொட்டை மாடியில் துளசி, கறிவேப்பிலை, வாழை என்று ஒரு குட்டித் தோட்டமே வைத்திருக்கிறார். சாயங்காலம் நேராக அவரிடம் போய் நின்றேன்.

"சார், நம்ம தெருவைப் பெருக்கறது நகராட்சியா, இல்லை வேற யாராவதா?"

"உக்காருங்க தம்பி. வரி வாங்கறது நகராட்சி. பெருக்கறது கான்ட்ராக்டர். திட்டு வாங்கறது அந்த அம்மா" என்று ஆரம்பித்தார் பெரியவர்.

குப்பை எடுப்பதற்கு நகராட்சி டெண்டர் விடுகிறது. அரசாங்க பாஷையில் ஒப்பந்தப்புள்ளி. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1998-ல் ஒரு வெளிப்படைத்தன்மைச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பெரிய வேலைகளுக்கு இரண்டு கவர். முதல் கவரில் 'எனக்கு இத்தனை வருட அனுபவம், இத்தனை லாரி, இவ்வளவு வரவு செலவு' என்று தகுதிக் கணக்கு. அதில் பாஸானவர்களின் இரண்டாவது கவரை மட்டும் பிரிப்பார்கள். அதில் இருப்பது விலை. யார் குறைத்துக் கேட்டிருக்கிறாரோ அவருக்கு வேலை.

"இதுல என்ன சார் தப்பு? நம்ம வரிப்பணம் மிச்சம்தானே?"

பெரியவர் சிரித்தார். "லாரி விலை எல்லாருக்கும் ஒண்ணு. டீசல் விலை எல்லாருக்கும் ஒண்ணு. தெரு நீளமும் ஒண்ணுதான். அப்புறம் எதைக் குறைச்சு ஒருத்தன் ஜெயிப்பான், சொல்லுங்க பார்ப்போம்?"

யோசித்தேன். விரலில் துணி சுற்றியிருந்த கை ஞாபகம் வந்தது.

"ஆளுங்க சம்பளத்தை..."

"ரெண்டு வழி. ஒண்ணு, சம்பளத்தைக் குறைக்கணும். இன்னொண்ணு, ஆளைக் குறைக்கணும். குப்பை எடுக்கிற வேலையில பெரிய செலவே ஆள் செலவுதான். அதனால 'குறைஞ்ச விலை'ன்னு நாம பெருமையாச் சொல்றோமே, அது பாதி நேரம் அந்த அம்மா வீட்டு அடுப்புலேர்ந்து எடுத்த விறகு தம்பி!"

மழை வந்தால் யாருக்கு லாபம்?

விலை ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட முக்கியமானது, எதை அளந்து பணம் கொடுக்கிறோம் என்பது. இதைப் புரியவைக்கப் பெரியவர் மூன்று விரல் நீட்டினார்.

முதல் விரல், எடைக் கணக்கு. லாரி எடைமேடையில் ஏறும். இத்தனை டன், டன்னுக்கு இவ்வளவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது நீங்கள் கான்ட்ராக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் விழுந்த வேப்பிலைச் சருகை நாள் முழுக்கப் பெருக்கினால் எத்தனை கிலோ தேறும்? வீடு இடித்த செங்கல்லும் மண்ணும் நாலு கூடை அள்ளிப்போட்டால் எத்தனை கிலோ தேறும்? எந்தப் பக்கம் உங்கள் கை போகும்? சந்துக்குள் நுழைந்து நாற்பது வீட்டுக் குப்பையைத் தனித்தனியாக வாங்குவதா, மெயின் ரோட்டில் நிரம்பி வழியும் தொட்டியை ஒரே தூக்காகத் தூக்குவதா?

மழைக்காலம் வந்தால் இன்னும் விசேஷம். குப்பை தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். எடை ஏற ஏறப் பில்லும் ஏறும். மழையைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர் விவசாயி மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

"இதைவிட வேடிக்கை ஒண்ணு இருக்கு" என்றார் பெரியவர், தன் உரத்தொட்டியைக் காட்டி. "நான் காய்கறித் தோலையெல்லாம் இதுல போட்டு மக்க வெக்கிறேன். நகராட்சியும் அதைத்தான் செய்யச் சொல்லி போர்டு வைக்குது. ஆனா எடைக்குக் காசுங்கற ஒப்பந்தத்துல நான் செய்யறது கான்ட்ராக்டருக்கு நஷ்டம். குப்பையைக் குறைங்கன்னு போர்டு எழுதற ஆபீஸே, குப்பை கூடினா கூடுதல் பணம்னு கையெழுத்தும் போடும்!"

இரண்டாவது விரல், ஆள் கணக்கு. இத்தனை பேரை நிறுத்தினால் இவ்வளவு பணம். இதில் மண்ணை அள்ளிப்போட வேண்டிய அவசியமில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரை அள்ளிப்போட்டால் போதும். பேப்பரில் பத்துப் பேர் பெருக்குவார்கள். தெருவில் ஆறு பேர் பெருக்குவார்கள்.

மூன்றாவது விரல், வேலைக் கணக்கு. தெரு சுத்தமாக இருக்கிறதா, தொட்டி வழிகிறதா, எத்தனை வீட்டில் பிரித்து வாங்கினார்கள் என்று மார்க் போட்டு, மார்க்குக்குத் தகுந்தபடி பணம். நம் ஆபீஸில் வருடா வருடம் அப்ரைசல் என்று ஒரு கூத்து நடக்குமே, அதேதான்! சொல்லிக்கொள்ள இதுதான் நல்ல முறை. ஆனால் மார்க் போட ஒருவர் தினமும் தெருவில் இறங்கி நடக்க வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்தபடியே எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தால், மூன்றாவது விரலும் மடங்கிவிடும்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. எதை அளக்கறீங்களோ, அதுதான் தெருவுல நடக்கும். எதை அளக்கலையோ, அது அந்த அம்மா தலையில விழும்."

பெரியண்ணன் கதை

சென்னையை ஒட்டியிருக்கும் எங்கள் ஊர் நகராட்சிக்குப் பெரியண்ணன் சென்னை மாநகராட்சி. 1688-ல் பிறந்த அண்ணன். கான்ட்ராக்ட் விஷயத்தில் அந்த அண்ணன் போன வழி, சுற்றியிருக்கும் தம்பிகளுக்கெல்லாம் பாடம்.

1989-ல் சென்னையில் எக்ஸ்னோரா என்ற அமைப்பு தொடங்கியது. தெருக்காரர்களே ஒன்றுசேர்ந்து, வீட்டுக்கு மாதம் சில ரூபாய் போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஓர் ஆளை நியமித்துக்கொண்டார்கள். அவருக்கு வைத்த பெயர் குப்பைக்காரர் அல்ல, தெரு அழகர்! மாநகராட்சியின் லாரி தெருமுனைத் தொட்டிவரைதான் வரும். வீட்டு வாசலிலிருந்து தொட்டிவரை மக்கள் பொறுப்பு. தெருக்காரர்களே எஜமானர்கள், தெருக்காரர்களே மேஸ்திரிகள்.

2000-ல் பிரெஞ்சுக் குழுமம் ஒன்றைச் சேர்ந்த ஓனிக்ஸ் நிறுவனம் வந்தது. அப்போதிருந்த 10 மண்டலங்களில் 3 மண்டலங்கள் அதன் கைக்குப் போயின. 7 வருட ஒப்பந்தம். பணம் டன் கணக்கில். புதுத் தொட்டி, புது வண்டி, சீருடை என்று ஊரே வேடிக்கை பார்த்தது. கம்பெனி போய் வருடங்கள் ஆன பிறகும் யார் வந்து குப்பை எடுத்தாலும் 'ஓனிக்ஸ் வண்டி வந்துடுச்சு' என்று சொல்லும் பாட்டிமார்கள் உண்டு. நகல் எடுப்பதையெல்லாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அந்த மாதிரி!

2007-ல் ஓனிக்ஸ் விடைபெற, நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது. அதற்கும் டன் கணக்குத்தான். 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராகப் பெருத்தது. மண்டலங்கள் 10-லிருந்து 15 ஆயின. வார்டுகள் 200. 2012-ல் ராம்கி. 2020-ல் ஸ்பெயின் நாட்டு உர்பேசரும் சுமீத்தும் சேர்ந்த கூட்டணி 7 மண்டலங்களை 8 வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. இந்த ஒப்பந்தத்தில்தான் எடைக்குப் பதிலாக வேலையை அளந்து பணம் தரும் முறை பெரிய அளவில் வந்தது. அதாவது அண்ணன் முதல் விரலிலிருந்து மூன்றாவது விரலுக்கு வந்து சேர இருபது வருடம் ஆயிற்று!

அந்த இருபது வருடத்தில் எடை போட்ட குப்பையெல்லாம் எங்கே போனது? வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. இரண்டும் தலா இருநூறு ஏக்கருக்கு மேல் பரந்த கிடங்குகள். பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மடியில். பல வருடங்களாகக் கலந்து கொட்டிய மலையைத் தோண்டி, மண் வேறு, பிளாஸ்டிக் வேறு, கல் வேறு என்று பிரிக்கும் வேலைக்குப் பிற்பாடு பல கோடி ரூபாயில் தனி ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. வீட்டில் பிரித்தால் காசு செலவில்லை. கிடங்கில் பிரித்தால் கோடி. நான் திங்கட்கிழமை கட்டிக்கொண்டு ஓடிய அந்த ஒரே பை, கோடிக்கணக்கில் ஒரு துளி!

பதின்மூன்று நாள்

சட்டை மாறுவது என்றால் என்ன என்று ஊருக்கே தெரியவந்தது 2025 ஆகஸ்டில். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6-ம் மண்டலங்களின் வேலை தனியாருக்குப் போனது. அதுவரை தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் வழியாக மாநகராட்சியிலேயே வேலை பார்த்த தூய்மைப் பணியாளர்கள், ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசல் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். மாதம் ஏறக்குறைய 23,000 ரூபாய் வாங்கியது, கம்பெனிக்குப் போனால் 17,000 ரூபாய்க்குச் சுருங்கிவிடும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. தனியாருக்கு விடாதே, வேலையை நிரந்தரமாக்கு என்பது கோரிக்கை. உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பின், 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அரசு காலை உணவு, காப்பீடு என்று சில திட்டங்களை அறிவித்தது.

அவர்கள் கேட்டது உணவு அல்லவே, வேலையின் பெயர் அல்லவா என்று பெரியவரிடம் சொன்னேன். "பேரும் ஏற்கெனவே மாத்தியாச்சே!" என்றார். துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் 2020-ல் தூய்மைப் பணியாளர் என்று ஆனதைச் சொல்கிறார். குறும்புக்காரர்!

தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது. பணிக்கொடைக்கு 1972-ம் ஆண்டுச் சட்டம் 5 வருடத் தொடர் சேவை கேட்டது. எல்லாமே தொடர்ச்சியை எண்ணும் கணக்குகள். ஆனால் தெரு தொடர்கிறது, துடைப்பம் தொடர்கிறது, ஆள் தொடர்கிறார்... எஜமானர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் எண்ணுவது யார்? எங்கிருந்து எண்ணுவது? வழக்குகள் கோர்ட்டு கோர்ட்டாக நடப்பது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் கான்ட்ராக்டே கூடாது, எல்லாவற்றையும் நகராட்சியே செய்யட்டும் என்று எனக்கு ஆவேசம் வந்தது. பெரியவர் தண்ணீர் தெளித்தார்.

"நாங்களே செஞ்ச காலத்துல மட்டும் தெரு பளிங்கு மாதிரியா இருந்துச்சு? லாரி ரிப்பேர்னா டயர் வாங்க மூணு மாசம் ஃபைல் ஓடும். யார் செய்யறாங்கங்கறது பாதி விஷயம். கேக்க ஆள் இருக்கா, அளக்க ஆள் இருக்காங்கறது மீதி பாதி."

இது நம் ஊர்த் தலைவலி மட்டுமல்ல. பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் ஆட்சியில் 1988-ல் ஒரு சட்டம் போட்டார்கள். குப்பை எடுப்பதையும் தெருப் பெருக்குவதையும் உள்ளாட்சிகள் டெண்டர் விட்டே தீர வேண்டும் என்று கட்டாயம். விலை விலை என்று ஓடிப் பார்த்துவிட்டு, 2000-ல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டு, விலையோடு தரத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு மாறினார்கள். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் 1970-களின் கடைசியில் வேறு மாதிரி யோசித்தது. நகராட்சியின் சொந்தக் குப்பைத் துறையையே தனியாரோடு டெண்டரில் போட்டி போடச் சொன்னது. துறை முதலில் தோற்றது. பிறகு லாரியை மாற்றி, வழித்தடத்தை மாற்றி, தொழிலாளர்களிடமே யோசனை கேட்டு, 1980-களில் இழந்த பகுதிகளைத் திரும்ப ஜெயித்தது. ஊரில் ஒரு பாதியையாவது தன் கையில் வைத்திருக்கும் நகராட்சிக்குத்தான் உண்மையான செலவு எவ்வளவு என்று தெரியும். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால், கான்ட்ராக்டர் சொல்வதுதான் கணக்கு!

பத்து ரூபாய் ஸ்டாம்ப்

"இவ்வளவு பேசறோமே, நம்ம தெரு ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார் பெரியவர். இரண்டு பேருக்கும் தெரியாது.

2005-ம் வருடத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு எழுதினேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். மூன்று கேள்விகள். எங்கள் தெருவுக்கு எத்தனை பேர் நிறுத்த வேண்டும்? பணம் எதை அளந்து தருகிறீர்கள்? அளப்பது யார்? பதில் தர 30 நாள் என்கிறது சட்டம். எனக்கு வந்தது 41-வது நாள். சரி, போகட்டும். நானும் ஆபீஸில் அப்படித்தான்.

கவரைப் பிரித்தேன். எங்கள் தெருவும் பக்கத்து இரண்டு சந்துகளும் சேர்ந்து ஒரு பகுதி. அந்தப் பகுதிக்கு ஒப்பந்தப்படி மூன்று பேர். பணம் ஆள் கணக்கில்.

மூன்று பேரா? நான் இந்த வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. அக்காவைத் தவிர ஒரு ஈ, காக்காய் துடைப்பம் பிடித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் குறுக்கே போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அக்கா துடைப்பத்தின் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு பேரா? மீதி ரெண்டு பேர் மூஞ்சிய எனக்கும் பார்க்கணும்போல இருக்குது தம்பி!"

சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் பேரை மட்டும் இழுத்துடாத சாமி. நாளைக்கே வேற வார்டுக்குத் தூக்கிடுவாங்க. இல்ல, வரவே வேணாம்னுடுவாங்க. பொண்ணு பன்னெண்டாவது படிக்குது."

நியாயம் கேட்கலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவன், பலூனில் ஊசி பட்ட மாதிரி ஆகிவிட்டேன். புகார் எழுதினால் முதலில் போவது அவர் வேலை. எழுதாமல் விட்டால் மூன்று பேர் வேலையை ஒரே இடுப்பு தாங்கிக்கொண்டிருக்கும். அன்று ராத்திரி எனக்கு இட்லி இறங்கவில்லை.

மாடிப் பெரியவர்தான் வழி சொன்னார். "ஒருத்தன் எழுதினா அது கம்ப்ளெய்ன்ட். அம்பது பேர் எழுதினா அது மகஜர். அந்த அம்மாவைப் பத்தி ஒரு எழுத்து வேண்டாம். நம்ம தெருவைப் பத்தி எழுதுங்க. ஒப்பந்தத்துல மூணு பேர் இருக்கு, மூணு பேரையும் எங்களுக்கு அனுப்புங்க. அவ்வளவுதான்."

அப்படியே செய்தோம். ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கியதில் கையெழுத்தோடு கூடவே காபி, முறுக்கு, இரண்டு ஜாதக விசாரிப்பு எல்லாம் கிடைத்தன. 'நமக்கேன் சார் வம்பு' என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. நாற்பத்து மூன்று கையெழுத்து தேறியது. வார்டு கவுன்சிலரிடம் ஒரு பிரதி, நகராட்சி ஆணையருக்கு ஒரு பிரதி, சுகாதார ஆய்வாளருக்கு ஒரு பிரதி. கூடவே ஒரு வரியைச் சேர்த்தோம். 'எங்கள் தெருவார் இனிமேல் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகத்தான் தருவோம்.' ஊரைக் கேள்வி கேட்கும்போது நம் கையிலும் கறை இருக்கக் கூடாதல்லவா!

அதற்காக எங்கள் பிரம்மச்சாரி இல்லத்தில் ஒரு புரட்சி நடந்தது. பச்சை பக்கெட் ஒன்று, நீல பக்கெட் ஒன்று. பிளேடு, உடைந்த கண்ணாடி எல்லாம் காகிதத்தில் சுற்றி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். முதல் வாரம் டீத்தூள் எந்த பக்கெட் என்பதில் ஒரு பெரிய சண்டை. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. உண்மையில் ஒரு நிமிஷத்து வேலைகூட இல்லை. இத்தனை நாள் செய்யாததற்கு எங்களிடம் இருந்த ஒரே காரணம், எங்களை யாரும் அளக்காததுதான்!

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நானும் ஏறக்குறைய மறந்துவிட்டேன்.

நாலாவது வாரம், ஒரு திங்கட்கிழமை. ஆறே முக்கால். பாட்டுச் சத்தம். இரண்டு பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருவின் அந்தக் கோடியில் அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார். இந்தக் கோடியில் இன்னொரு பெண். சின்ன வயசு. ஆரஞ்சுச் சட்டை உடம்புக்கு இரண்டு சைஸ் பெரிது; கையை மடித்து விட்டிருந்தாள். துடைப்பம் இன்னும் புதுசு வாசனை போகாதது.

அக்கா என்னைப் பார்த்துவிட்டார். அருகில் வந்து பக்கெட்டுகளை எட்டிப் பார்த்தார். விரலில் துணி இல்லை, காயம் ஆறிவிட்டிருந்தது. பச்சையை அந்தப் பெட்டியிலும் நீலத்தை இந்தப் பெட்டியிலும் கவிழ்த்தார். பாராட்டப் போகிறார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"பொண்ணு வந்துடுச்சு, சரி" என்றார், பக்கெட்டைத் திருப்பித் தந்துகொண்டே. "மூணாவது ஆள் எங்க தம்பி? அடுத்த லெட்டர் எப்ப எழுதப் போற?"